ஆஸ்டெரிஸ்க் தொலைபேசி மென்பொருள்: திருத்தம் அனுப்புபவரின் பார்வையில் ஒரு மதிப்பீடு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையோரத்தில் நான் பராமரித்துவரும் தொலைபேசி இணைப்பகங்கள் அனைத்தும் ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குபவை. இராமேசுவரத்து லாட்ஜ்களின் அறை இன்டர்காம், மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் அலுவலக எண், படகு உரிமையாளர் சங்கம் ஒன்றின் தானியங்கிக் குரல் சேவை என்று அவற்றின் வேலைகள் வேறுபடும். எல்லா இடத்திலும் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (அலுவலக உள்தொலைபேசி இணைப்பகம்) பெட்டி இருந்த அலமாரியில் இப்போது ஒரு சிறு கணினி இருக்கிறது. இந்த மென்பொருளின் வசதிகளைப் பலரும் விவரித்துவிட்டார்கள். அதன் மூலநிரலில் வெளியார் ஒருவர் திருத்தம் செய்ய விரும்பினால் அந்தத் திட்டம் அவரை எப்படி நடத்துகிறது, அனுப்பிய திருத்தம் என்னென்ன சோதனைகளைக் கடந்து எல்லாருக்குமான வெளியீட்டில் சேர்கிறது என்பவற்றை மட்டும் இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன். ஒரு தொலைபேசி அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர் விலைக்கும் வசதிக்கும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். இராமேசுவரத்தில் ஒரு லாட்ஜுக்கு, வெளியூர் விற்பனையாளர் ஒருவர் ஆஸ்டெரிஸ்கில் தாமே சில மாற்றங்களைச் செய்து ஒரு பெட்டியை விற்றிருந்தார். அறைக் கணக்கோடு அழைப்புக் கட்டணத்தைச் சேர்க்கும் அந்த மாற்றம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களோடு புதிய பதிப்பு வந்தபோது அதை ஏற்ற வழியில்லாமல் போயிற்று. ஏற்றினால் கட்டண இணைப்பு அறுந்துவிடும். மாற்றிய மூலநிரலைக் கேட்டு உரிமையாளர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. ஆஸ்டெரிஸ்க், ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2-ஆம் பதிப்பின்கீழ் வெளியாகிறது. அதை மாற்றி மற்றவருக்கு விற்பவர் மூலநிரலையும் தரக் கடமைப்பட்டவர். சட்டம் அப்படியிருந்தாலும், கடைசியில் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து அமைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதே மாற்றம் முறைப்படி மூலத்திட்டத்துக்கு அனுப்பப்பட்டு ஏற்கப்பட்டிருந்தால், அடுத்தடுத்த பதிப்புகளில் அதைக் காப்பாற்றும் பொறுப்பைத் திட்டமே சுமந்திருக்கும்.

பதிப்புகளின் கால அட்டவணையைப் பார்த்தால் இந்தச் சுமை எவ்வளவு என்பது விளங்கும். ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி ஒரு பெரும்பதிப்பு வருகிறது. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று நீண்டகால ஆதரவுப் பதிப்பு: 2020-இல் 18, 2022-இல் 20, 2024-இல் 22. நீண்டகாலப் பதிப்புக்கு 4 ஆண்டுகள் முழு ஆதரவும், அதற்குப் பின் 1 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்களும் உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு முழு ஆதரவு 1 ஆண்டு, பாதுகாப்புத் திருத்தம் மேலும் 1 ஆண்டு. எங்கள் கரையில் அக்டோபர் என்றால் வடகிழக்குப் பருவமழை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாள்களில் சங்கத்தின் எண்ணுக்கு அழைப்புகள் குவியும். அந்த மாதங்களில் இணைப்பகத்தில் கைவைப்பதற்கில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் சங்கத்திலும் ஐஸ் கம்பெனியிலும் பதிப்பு மாற்றம் செய்ய முடிகிறது. (லாட்ஜ்களுக்கு அதுவும் பொருந்தாது; கோடை விடுமுறையில் யாத்திரிகர் கூட்டம் நெரியும்.) அந்தக் குறுகிய இடைவெளியில், தனியே வைத்திருக்கும் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் புதிய நிரலில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகிற காரியமில்லை.

ஆகவே திருத்தத்தை மூலத்திட்டத்துக்கு அனுப்புவது எப்படியிருக்கிறது என்பதற்கு வருவோம். ஆஸ்டெரிஸ்கை 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கினார். அவருடைய டிஜியம் நிறுவனத்தை 2018-இல் சங்கோமா வாங்கியது. இன்று திட்டத்தைப் பேணுவது சங்கோமா. அனுப்பிய நிரலைப் பரிசீலிக்க முதலில் ரிவ்யூ போர்டு என்ற கருவி பயன்பட்டது, 2015-இல் கெரிட் என்ற கருவி வந்தது, 2023-இல் பிழைப் பதிவு, நிரல் பரிசீலனை இரண்டும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்துக்கு மாறின. கெரிட் காலத்தில் புதிதாக வருபவர் ஒருவர் தனிக் கணக்கு, தனிக் கருவி, தனி வழக்கம் என்று பலவற்றைக் கற்றுக்கொண்ட பிறகே முதல் வரியை அனுப்ப முடியும். இப்போது எந்தக் கல்லூரி மாணவரும் அறிந்த புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) முறையே போதும். நுழைவு எளிதானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உள்ளே இருக்கும் சோதனைகள் முன்போலவே கடுமையாக இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை கடுமையாக இருப்பதுதான் சரி.

நடைமுறை இப்படி அமைந்திருக்கிறது. முதலில் பிழையையோ தேவையையோ பிழைப் பதிவில் எழுத வேண்டும். திருத்தத்தை, பழைய பதிப்புக்கு மட்டும் உரியதாக இருந்தாலொழிய, மாஸ்டர் கிளைக்கே, அதாவது புதிய பதிப்புகள் உருவாகும் முதன்மை நிரலுக்கே, அனுப்ப வேண்டும். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே ஒரு கமிட் (ஒன்றாகப் பதியப்பட்ட மாற்றத் தொகுதி) இருப்பதே பொதுவான விதி. பரிசீலிப்பவர் மாற்றம் கேட்டால் இன்னொரு கமிட்டை மேலே அடுக்காமல், இருக்கும் கமிட்டையே திருத்தி மீண்டும் ஏற்ற வேண்டும். கமிட் செய்தியில் எந்தப் பிழை எண்ணைத் தீர்க்கிறது என்ற வரி இருக்க வேண்டும். பயன்படுத்துபவர் அறிய வேண்டியது இருந்தால் 'யூசர்நோட்' என்ற தலைப்பிலும், பதிப்பு மாற்றும்போது கவனிக்க வேண்டியது இருந்தால் 'அப்கிரேட்நோட்' என்ற தலைப்பிலும் எழுத வேண்டும். இந்த இரண்டு குறிப்புகளும் வெளியீட்டின் மாற்றப் பட்டியலுக்குத் தாமாகவே சென்றுவிடுகின்றன. தடைக்காலத்தில் பதிப்பு மாற்றும் என்னைப் போன்றவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லி முடியாது. மாற்றம் செய்தவரே, செய்த சூட்டோடு, தம் சொற்களில் எழுதிய எச்சரிக்கை அந்தப் பட்டியலில் நிற்கிறது.

எந்தெந்தப் பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போக வேண்டும் என்பதையும் அனுப்புபவரே குறிப்பிட வேண்டும். புல் ரிக்வெஸ்டில் 'செர்ரி பிக் டு' என்று எழுதி, அதன் எதிரே அந்தப் பதிப்புகளுக்குரிய கிளை எண்களைப் பதிந்தால், ஒப்புதல் கிடைத்தபின் தானியங்கி நிரல் அந்தக் கிளைகள் ஒவ்வொன்றிலும் திருத்தத்தைப் பொருத்திச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் இணைக்கிறது. எந்தக் கிளைக்கும் வேண்டாமென்றால் அதையும் எழுதியாக வேண்டும். பேசாமல் விட்டால் நினைவூட்டல் வரும். இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரே நேரத்தில் பல பதிப்புகள் உயிரோடிருக்கும் ஒரு மென்பொருளில், ஒரு கிளையில் சரிசெய்யப்பட்ட பிழை இன்னொரு கிளையில் மறக்கப்பட்டுக் கிடப்பது சகஜம். அந்த மறதிக்கு இங்கே இடம் வைக்கப்படவில்லை.

பரிசீலனையில் கேட்கப்படும் கேள்விகள் அதிகம் என்று குறைப்படுவோர் உண்டு. இந்த மென்பொருளின் உட்புறம் எப்படிப்பட்டது என்று ஒருமுறை பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சி மொழியில் எழுதப்பட்ட, பல இழைகள் (தனித்தனி வேலை ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இது. லாட்ஜின் 204-ஆம் அறையிலிருந்து வரவேற்பறைக்குப் பேசும் ஓர் அழைப்பில்கூட முனைக்கு ஒன்றாக இரண்டு சேனல்கள், அவற்றை இணைக்கும் ஒரு பிரிட்ஜ், குரல் பொதிகளைக் கடத்தும் ஆர்.டி.பி. பகுதி, நிகழ்வுகளை மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கும் ஸ்டேசிஸ் எனப்படும் செய்திப் பாதை என்று பல உறுப்புகள் சேர்ந்து இயங்குகின்றன. ஒரே நேரத்தில் ஓர் இழை மட்டும் தொடும்படி காக்க ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பூட்டு உண்டு. எஸ்.ஐ.பி. என்ற இணையவழி அழைப்பு நெறிமுறையைக் கையாளும் பிஜேசிப் பகுதியில் ஒரு அழைப்பின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்படி ஒரு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சேனலின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வரிசைப்படுத்தியிடம் ஒரு வேலையைக் கொடுத்து அது முடியும்வரை காத்திருந்தால், அங்கே முன்னதாக நிற்கும் வேலை அதே சேனலின் பூட்டுக்காகக் காத்திருக்கக்கூடும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். இதைத்தான் டெட்லாக் என்கிறோம். சோதனை மேசையில் நூறு அழைப்புகளில் தலைகாட்டாத இந்தக் கோளாறு, புயல் கூண்டு ஏறிய இரவில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது வெளிப்பட்டு இணைப்பகத்தையே உறையவைத்துவிடும். நான்கு வரித் திருத்தத்துக்கு, 'இந்த இடத்தில் சேனல் பூட்டப்பட்டிருக்கிறதா?' என்று கேட்கும் பரிசீலகர், முகம் தெரியாத பல ஊர்களின் தொலைபேசிகளைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு எடுத்துக்காட்டு, சாதாரணமாகத் தோன்றுவது. பிஜேசிப் இணைப்பு ஒன்றுக்குப் புதிதாக ஓர் அமைப்பை (செட்டிங்) சேர்க்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆம், இல்லை என்று இரண்டே மதிப்புகள் கொண்ட அமைப்பு. நிரலின் தலைப்புக் கோப்பில் அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அமைப்புக் கோப்பைப் படிக்கும் பகுதியில் அதைப் பதிவு செய்ய வேண்டும். மூலநிரலுடன் வைக்கப்படும் எக்ஸ்.எம்.எல். ஆவணத்தில் அதன் பொருளை எழுத வேண்டும். மாதிரி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அமைப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்திருப்போருக்காக, அட்டவணையில் புதிய நெடுவரிசையைச் சேர்க்கும் அலெம்பிக் நிரல் ஒன்றும் எழுதித்தர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால், கோப்பில் வேலை செய்யும் அமைப்பு தரவுத்தளத்தில் இல்லாமல் போகும். பரிசீலனையில் இது சுட்டிக்காட்டப்படும்போது சோர்வடைய வேண்டியதில்லை. முன்னர் ஏற்கப்பட்ட அத்தகைய புல் ரிக்வெஸ்ட் ஒன்றைத் திறந்து, அது தொட்ட கோப்புகளை வரிசையாகப் பார்த்து எழுதினால் வேலை பாதியாகக் குறையும். எந்தக் கையேட்டைவிடவும் அது நல்ல ஆசான்.

என் மதிப்பீட்டில் மிகக் கடினமான பகுதி, மென்பொருளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் நிரல்களின் சோதனைத் தொகுப்பு. அது தனிக் களஞ்சியமாக இருக்கிறது; பைத்தான் மொழியில் எழுதப்பட்டது; எஸ்.ஐ.பி. உரையாடல்களை நடித்துக்காட்ட சிப்பி என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. புதிய வசதியைச் சேர்க்க விரும்புபவரிடம், அது ஒழுங்காக இயங்குவதைக் காட்டும் சோதனையும் எதிர்பார்க்கப்படுகிறது. ஏற்கெனவே வெளிவந்த பதிப்புகளுக்கும் அந்த வசதி போக வேண்டுமானால் இந்த எதிர்பார்ப்பு இன்னும் வலுவாகும். சி மொழியில் தேர்ந்தவருக்குப் பைத்தான் பழக்கமில்லாமல் இருக்கலாம். இரண்டும் தெரிந்தவருக்கு எஸ்.ஐ.பி. செய்திகளின் வரிசை தெரியாமல் இருக்கலாம். திருத்தத்தை எழுதுவதைவிட அதற்கான சோதனையை எழுதுவதற்குக் கூடுதல் காலம் ஆவது இங்கே வழக்கம்தான். இராமநாதபுரம் போன்ற ஊரிலிருந்து தனியாக உழைப்பவருக்கு இது பெரிய ஏற்றம். திட்டத்தின் ஆவணத்தளத்தில் உள்ள விளக்கங்கள் ஏற்கெனவே பாதி தெரிந்தவருக்கு ஏற்றவை. ஒரு சோதனையை முதலிலிருந்து முடிவுவரை கட்டிக்காட்டும் பாடம் இன்னும் விரிவாக இருந்தால் பலரும் வருவார்கள். எனினும் சோதனை வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கூடாது என்றே சொல்வேன். உங்கள் வசதிக்குச் சோதனை இருந்தால், பல ஆண்டு கழித்து எங்கோ ஒருவர் அறியாமல் அதை உடைக்கும்போது தானியங்கியே அவரை நிறுத்திவிடும். நீங்கள் அந்த நேரத்தில் கடலில் இருந்தாலும் சரி, தொழிலையே மாற்றியிருந்தாலும் சரி, உங்கள் வசதி காக்கப்படும்.

பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். முதல் திருத்தம் ஏற்கப்படுவதற்குமுன் இதில் ஒப்பமிட்டாக வேண்டும். இணையத்திலேயே ஒருமுறை செய்தால் போதும். இதன்படி உங்கள் நிரலை ஜி.பி.எல். அல்லாத வணிக உரிமத்தின்கீழும் வழங்கும் உரிமையைத் திட்டத்தைப் பேணும் நிறுவனத்துக்குத் தருகிறீர்கள். இதை ஏற்க மனமில்லாதவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, முழுநேரமாக நிரலைப் பேணுவோருக்கு ஊதியம் தர ஒரு நிறுவனம் இருப்பதும், பொதுவெளியில் நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் தொடர்வதும் சேர்ந்து இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளத்தக்கதாக ஆக்குகின்றன. ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், தம் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறாமல் ஒப்பமிட வேண்டாம். பணிநேரத்தில் எழுதிய நிரல் பல இடங்களில் முதலாளிக்கே உரியது.

பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டவர் அதைப் பொதுப் பிழைப் பதிவில் எழுதாமல், கிட்ஹப்பில் உள்ள தனி வழியில் அறிவிக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமேயில்லை.

பழையதை நீக்குவதிலும் இந்தத் திட்டம் ஒழுங்கோடு நடந்துகொள்கிறது. சான் சிப் என்ற பழைய எஸ்.ஐ.பி. பகுதி 17-ஆம் பதிப்பில் கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டு, 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றான பிஜேசிப் 12-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இடையில் இத்தனை ஆண்டுகள் கொடுத்தும், எங்கள் பகுதியில் இன்றும் சான் சிப் அமைப்புக் கோப்புகளோடு இயங்கும் இணைப்பகங்களைப் பார்க்கிறேன். அவற்றை வைத்திருப்போர் அடுத்த தடைக்காலத்துக்குள் மாற்றிக்கொள்வது நல்லது, ஏனெனில் 18-ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களின் காலமும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. யாரும் பேணாத பகுதியைக் காட்சிக்காக வைத்திருக்காமல் முன்னறிவித்து அகற்றுவது, திருத்தம் அனுப்புபவருக்கும் நன்மைதான். இறந்துகொண்டிருக்கும் பகுதிக்கு அவர் உழைப்பை வீணாக்க வேண்டியிராது.

நிரலைத் தொடவே வேண்டாத இடங்களும் உண்டு என்பதைத் தமிழ்ப் பயனர்கள் குறிப்பாக அறிய வேண்டும். ஆஸ்டெரிஸ்கின் அதிகாரபூர்வ ஒலித் தொகுப்புகளில் தமிழ் இல்லை. எண்களை வாசித்துச் சொல்லும் விதிகள் பல மொழிகளுக்கு மூலநிரலிலேயே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, தமிழுக்கும் சி மொழியில் ஒரு பகுதி எழுதி அனுப்ப வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தேவையில்லை. 'சே' என்ற பெயரிலான அமைப்புக் கோப்பில் 'மோட்' என்ற மதிப்பை 'நியூ' என்று மாற்றினால், எண் வாசிப்பு விதிகளை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். சங்கத்தின் சேவையில் நண்டு கிலோ விலையை வாசிக்க இப்படித்தான் செய்திருக்கிறேன். 900 ரூபாய் என்றால் 'தொள்ளாயிரம்' என்ற ஒலிக்கோப்பு ஓட வேண்டும். 950 என்றால் 'தொள்ளாயிரத்து' என்ற வேறொரு கோப்பும் அதைத் தொடர்ந்து 'ஐம்பது' என்ற கோப்பும் ஓட வேண்டும். எனவே நூறுகளின் இடத்துக்கு இரண்டு இரண்டு பதிவுகள் எடுத்துவைத்து, பின்னால் இரண்டு சுழியங்கள் வந்தால் ஒரு விதி, மற்றபடி இன்னொரு விதி என்று எழுதினால் முடிந்தது. இத்தகைய வேலைக்குப் பரிசீலகர்களின் நேரத்தைக் கோருவது முறையாகாது. அமைப்புக் கோப்பால் தீராததை மட்டும் அவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

குறை என்று அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஆழமான பகுதிகளைப் பரிசீலிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சிறு பிழைத் திருத்தத்துக்கு ஒரு நடை என்றால், பூட்டுகளையும் பிரிட்ஜ்களையும் தொடும் மாற்றத்துக்கு வேறு நடை. பின்னதற்குப் பொறுமை வேண்டும். நாளை மறுநாள் ஒரு வசதி தேவை என்ற நிலையில் இருப்பவர் இந்தப் பாதையை நம்பி வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுக்கக் கூடாது. திருத்தத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வதும், ஒரு வேலைக்கு ஒரு திருத்தம் என்று பிரித்தனுப்புவதும், ஏன் இந்த மாற்றம் என்பதைக் கமிட் செய்தியில் முழு வாக்கியங்களில் எழுதுவதும் காத்திருப்பைக் கணிசமாகக் குறைக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்ற கவலையை விட்டுவிடலாம். அங்கே யாரும் நடையழகைப் பார்ப்பதில்லை. எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, எந்த வரிசையில் எது நடந்தது, பதிவுக் கோப்பு என்ன சொல்கிறது என்ற நான்கும் தெளிவாக இருந்தால் போதும்.

பரிசீலகர் பற்றாக்குறையில் நம் பகுதியினர் உதவக்கூடிய வழி ஒன்று பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது. மற்றவர் அனுப்பிய திருத்தத்தை எடுத்துத் தம் கணினியில் ஏற்றிச் சோதித்து, முடிவைக் கருத்தாக எழுத எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், சி மொழியில் தேர்ச்சியும் வேண்டாம். தடுமாறும் இணைய இணைப்புகளில், பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்வரும் இடங்களில், ஒருபக்கக் குரல் மட்டும் கேட்கும் அழைப்புகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்கள் நாம். சீரான இணைப்பில் அமர்ந்து நிரல் எழுதுபவருக்கு எளிதில் கிடைக்காத சோதனைக்களம் அது. மண்டபத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் ஒருவர், ஆர்.டி.பி. பகுதியைத் தொடும் ஒரு புல் ரிக்வெஸ்டைத் தம் உதிரிக் கணினியில் ஏற்றி, இணைப்பு அறுந்து மீண்டபோது பிடித்த பொதிப் பதிவையும் (இணைப்பில் சென்ற தரவுப் பொதிகளின் பதிவு) ஆஸ்டெரிஸ்கின் பதிவுக் கோப்பையும், வாடிக்கையாளர்களின் எண்களை நீக்கிவிட்டு, இணைத்து அனுப்பினால் அது பரிசீலகருக்கு நேரடியாகப் பயன்படும் சான்று. தடைக்காலத்தில் ஓய்ந்திருக்கும் இணைப்பகக் கணினிகளை அதற்குப் பயன்படுத்தலாம். உயிரோடு இயங்கும் எண்ணில் மட்டும் செய்ய வேண்டாம்.